ஸ்கால்ட்பி ஃபென்னில் பருந்தே இல்லை

பறவை பார்க்கிறவர்கள் சாதுவான மனிதர்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலியோரம் நிற்பார்கள், யார் வம்புக்கும் போகமாட்டார்கள் என்று. அந்த நினைப்பில் இருக்கிறவர்கள் எங்கள் பறவைக் கழகத்தின் கூட்டத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும். நான் முப்பது வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைத்தவள். எதிரே லாரி வரும்போது ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டவர்கள் எல்லாம் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட க்ளைவ் எப்டன் அளவுக்கு என் ரத்தக் கொதிப்பை ஏற்றியதில்லை.

க்ளைவ் எங்கள் கழகத்தின் தலைவர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் ஓய்வு பெற்றதை நம்பாதவர். தலைவர் பதவி போதாதென்று மாவட்டப் பதிவாளர் பதவியும் அவரிடம்தான். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எங்கள் பக்கத்தில் ஓர் அபூர்வப் பறவை கூடு கட்டினால், பார்த்தவர் அவரிடம் சொல்லவேண்டும். அவர் அதைச் சரிபார்த்து வருஷக் கடைசியில் தேசியக் குழுவுக்கு அனுப்பவேண்டும். நாடு முழுக்க இப்படி எத்தனையோ கழகங்கள், பனியிலும் மழையிலும் சம்பளமில்லாமல் நிற்கிற எத்தனையோ ஜனங்கள். அவர்கள் அனுப்புவதைக் கூட்டித்தான் இந்த ஜாதிப் பறவை இந்த வருஷம் எத்தனை ஜோடி, எத்தனை குஞ்சு பறந்தது என்று நாட்டுக்குத் தெரிகிறது. நல்ல வேலை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கூடு எங்கே என்பதைக் குழு யாருக்கும் காட்டாது. அதுவும் எல்லோருக்கும் தெரியும், க்ளைவைத் தவிர.

அவருக்குக் குழுவின் மேலேயே நம்பிக்கை இல்லை. வாலிபத்தில் ஒருமுறை அவர் காவல் காத்த கூட்டிலிருந்து அபூர்வ முட்டைகளைச் சேகரிக்கிற திருடன் ஒருவன் முட்டைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டான். அந்தச் சமயம் க்ளைவ் காருக்குள் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து அவருக்கு உலகத்தில் எல்லோர் மேலும் சந்தேகம், சாண்ட்விச் மேல் மட்டும் இல்லை.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கூட்டமும் உண்டு. அதன் தலைவர் ரெக்ஸ் டாபர், சவப்பெட்டி வியாபாரம் செய்து ஓய்ந்தவர். ஒரு காலத்தில் எங்கள் கழகத்தில்தான் இருந்தார். அவர் பார்த்ததாகச் சொன்ன தேன்பருந்தை க்ளைவின் கமிட்டி 'ஐயத்துக்குரியது' என்று தள்ளிவிட்டது. மனிதர் கோபித்துக்கொண்டு ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போய்த் தனிக்கடை போட்டார். 'ஃபென் பருந்துக் காவலர்' என்று பெயர், மார்பில் குத்திக்கொள்ள ஒரு பட்டன். அதற்கப்புறம் இவர்கள் பார்த்ததை அவர்களுக்குச் சொல்லமாட்டார்கள், அவர்கள் பார்த்ததை இவர்களுக்குச் சொல்லமாட்டார்கள். வெயில் அடிக்கிறது என்று ஒருவர் சொன்னால் மற்றவர் குடையை எடுத்துக்கொள்வார்.

ஸ்கால்ட்பி ஃபென் என்கிற சதுப்பு நிலம் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பண்ணைக்காரர் லெகேட்டின் நிலம் அது. பீட்ரூட் போட்டுப் பார்த்தார், தண்ணீர் நின்று அழுகியது. அப்படியே விட்டுவிட்டார். இடுப்பளவு புல்லும் நாணலுமாக வளர்ந்து கிடந்தது. அங்கேதான் ஒரு மே மாதம் ஆப்பிரிக்காவிலிருந்து மான்டகு பூனைப்பருந்து வந்து இறங்கியது. ஆண் சாம்பல் நிறம், சிறகு நுனியில் மை தொட்டது போலக் கறுப்பு. காற்றுக்கு எடையே இல்லாதது போல மிதக்கும். இந்த நாட்டில் அதன் ஜோடிகளை எண்ண இரண்டு கை விரல்கள் போதும். அதில் ஒரு ஜோடி என் சமையலறை ஜன்னலுக்கு எதிரே. எனக்கு அந்தப் பறவையின் மேல் பைத்தியமே பிடித்துப்போயிற்று, ஒளிப்பானேன்.

முதல் வருஷமே க்ளைவ் என் வீட்டுக்கு வந்து சத்தியம் வாங்கிக்கொண்டார். யாரிடமும் மூச்சு விடக்கூடாது. கேமரா கூடவே கூடாது, போட்டோ வெளியே போனால் பின்னாலிருக்கிற மரத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்களாம். தொலைபேசியில் பறவையின் பெயரைச் சொல்லக்கூடாது, 'அத்தை' என்று சொல்லவேண்டும். அத்தை வந்துவிட்டாளா, அத்தைக்குக் குழந்தைகள் சௌக்கியமா, மாமா சாப்பாடு கொண்டுவருகிறாரா என்று வருஷா வருஷம் எங்களுக்குள் பேச்சு. என் தங்கை ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, நமக்கு ஏது அத்தை என்று குழம்பிப் போனாள்.

க்ளைவ் பறவை பார்க்க வரும் லட்சணத்தைச் சொல்லவேண்டும். காரை ஒரு மைல் தள்ளி தேவாலயத்தில் நிறுத்துவார். கையில் நாய்ச்சங்கிலி இருக்கும், நாய் இருக்காது. யாராவது வந்தால் நாய் தொலைந்துவிட்டது என்று 'பென்ஜி, பென்ஜி' என்று கூப்பிட்டுக்கொண்டு நடப்பார். அந்தப் பக்கத்து ஜனங்கள் வருஷக்கணக்காக பென்ஜியைத் தேடித் தந்திருக்கிறார்கள், பாவம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ரெக்ஸ் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வாய்க்காலில் மீன் செத்து என் வயசாகிறது. இவருக்கு அவர் எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும், அவருக்கு இவர் யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியும். இரண்டு கிழங்களும் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டு, தலைக்கு மேலே பறக்கிற பறவையைப் பார்க்காதது போல நடிக்கும். நான் ஜன்னலில் நின்று இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வேன்.

அது சிரிப்பாக இருந்தது, சூரியத் தகடு வருகிற வரைக்கும்.

லெகேட் நிலத்தை ஒரு மின்சாரக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார். வயல் முழுக்கக் கண்ணாடித் தகடுகளைப் பரப்பப் போகிறார்கள். ஊர்க்காரர்கள் கத்தினார்கள். பறவைக்காக இல்லை, ஜன்னலிலிருந்து பார்த்தால் அசிங்கமாக இருக்கும், வீட்டு விலை இறங்கும் என்று. கவுன்சில் பயந்துகொண்டு அனுமதி மறுத்தது. கம்பெனி மேல்முறையீடு போட்டது. மேலிடத்திலிருந்து ஓர் ஆய்வாளர் ஜூன் மாதம் வந்து விசாரித்து, நிலத்தையும் நேரில் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார் என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

வீட்டு விலையை ஆய்வாளர் சட்டை செய்யமாட்டார் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் நாட்டிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய பறவை அங்கே கூடு கட்டுகிறது என்று நிரூபணம் ஆனால், அந்த நிலத்தில் ஒரு கம்பம் நடுவதற்குக்கூட ஆயிரம் தடை வரும். ஐந்து கோடைகளாக அங்கே குஞ்சு பறந்திருக்கிறது, இது ஆறாவது. பதிவாளர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

நான் க்ளைவின் வீட்டுக்குப் போனேன். அவர் தோட்டத்தில் பறவைத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஐந்து வருஷத்துப் பதிவுகளையும் குழு எப்படியும் ஆய்வாளரிடம் உறுதிப்படுத்தும், நீங்களும் ஒரு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்றேன். அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"பதிவு எதுவும் அனுப்பல, ஹில்டா."

"எந்த வருஷம் அனுப்பல?"

"எந்த வருஷமும்."

என் வாயில் நல்ல பேச்சாக வரவில்லை.

"நீதானேய்யா பதிவாளர்? பதிவு அனுப்பாத பதிவாளர் எதுக்கு? அந்தக் குழு இருக்கறதே இதை எண்ணத்தானே?"

"அனுப்பினா நாலு பேர் படிப்பாங்க. நாலு பேர் படிச்சா அஞ்சாவது ஆளுக்குத் தெரியும். அத்தைய நான் உயிரக் கொடுத்துக் காப்பாத்திட்டு வர்றேன்."

உயிரைக் கொடுத்தாராம். நாய்ச்சங்கிலியை ஆட்டிக்கொண்டு நடந்ததற்குப் பெயர் உயிரைக் கொடுப்பது. இப்போதாவது அனுப்பு என்றேன். குஞ்சு பறந்ததும் ஆகஸ்டில் அனுப்புகிறேன் என்றார். விசாரணை ஜூனில் என்றேன். விசாரணையில் பேசுவதெல்லாம் பத்திரிகையில் வரும் என்றார். வரட்டுமே என்றேன். உனக்கு அனுபவம் போதாது என்றார். அறுபத்தெட்டு வயதில் இன்னும் என்ன அனுபவம் வேண்டுமோ தெரியவில்லை.

சரி, இவரை நம்பினால் ஆகாது என்று நானே தேசியக் குழுவுக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. மிகவும் முக்கியமான தகவல், மாவட்டப் பதிவாளரிடம் உறுதிப்படுத்திக்கொள்கிறோம் என்று. அவர்கள் மேல் தப்பில்லை, முறை அதுதான். குழுவிலிருந்து ஒரு பெண் க்ளைவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டிருக்கிறாள். அப்படி ஒரு கூடு எனக்குத் தெரியாது என்று இவர் சொல்லிவிட்டார். இது எனக்கு எப்படித் தெரியும்? க்ளைவே சொன்னார். கழகக் கூட்டத்தில் டீக்கு வரிசையில் நிற்கும்போது என் காதருகே குனிந்து, பயப்படாதே, சமாளித்துவிட்டேன் என்றார். என்னை ஒரு பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றிவிட்ட சந்தோஷம் அந்த மூஞ்சியில்.

அப்புறம் மானத்தை விட்டு ரெக்ஸ் டாபரின் வீட்டுக் கதவைத் தட்டினேன். ரெக்ஸ் நல்லபடியாகத்தான் உட்காரவைத்தார், பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றை வெட்டி எனக்கும் ஒரு துண்டு வைத்தார். ஸ்கால்ட்பி பருந்தைப் பற்றி ஆய்வாளரிடம் சாட்சி சொல்லவேண்டும் என்றேன்.

"எந்தப் பருந்து, கண்ணு?" என்றார் ரெக்ஸ். எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். செத்தவர்களையும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்.

"மீனே இல்லாத வாய்க்கால்ல உக்காந்து தினம் பாக்கறீங்களே, அந்தப் பருந்துதான்."

அவர் வாயிலிருந்ததை மெல்ல மென்றார். தான் பார்த்ததாக ஒப்புக்கொண்டால், எங்கள் கழகத்தின் இடத்துக்குள் நுழைந்து திருட்டுத்தனமாகப் பார்த்தான் என்று க்ளைவ் ஊரெல்லாம் சொல்வான் என்றார். தேன்பருந்து விஷயத்தில் பட்டது போதாதா, இதையும் ஐயத்துக்குரியது என்பான் என்றார். கடைசியில் தயவு பண்ணுகிற மாதிரி ஒன்று சொன்னார். க்ளைவ் முதலில் வாயைத் திறக்கட்டும், அப்புறம் நானும் ஆமாம் என்கிறேன்.

இதைக் கொண்டுபோய் க்ளைவிடம் சொல்ல முடியுமா? ரெக்ஸுக்குத் தெரியும் என்பதே க்ளைவுக்குத் தெரியாதது போல அல்லவா ஆறு வருஷமாக நாடகம். ஆனாலும் நான் விடவில்லை. தினம் காலையில் க்ளைவுக்குத் தொலைபேசி. கெஞ்சினேன், திட்டினேன், அழவும் அழுதேன். குஞ்சுகள் இந்த வருஷம் பறந்துவிடும், அடுத்த வருஷம் அது ஆப்பிரிக்காவிலிருந்து இத்தனை தூரம் வந்து எங்கே இறங்கும் என்று கேட்டேன். அது அவரைத் தொட்டது என்றுதான் நினைத்தேன். ஆய்வாளர் நிலத்துக்கு வரும்போது நேருக்கு நேர் சொல்லிவிடுகிறேன் என்று இறங்கிவந்தார். சத்தியமா என்றேன். சத்தியம் என்றார். அந்த வாரம் நான் நன்றாகத் தூங்கினேன்.

விசாரணை ஊர் மன்றத்தில் நடந்தது. ஆய்வாளர் திருமதி பென்ரோஸ் என்ற பெண்மணி. குறுக்கே பேசாமல் கேட்கத் தெரிந்தவர். கம்பெனியின் ஆள் ஒருவன் எழுந்து, அந்த நிலத்தில் அபூர்வப் பறவை எதுவும் கூடு கட்டியதாக எந்தப் பதிவிலும் இல்லை என்றான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேடிப் பார்த்திருக்கிறான், உண்மையிலேயே எதுவும் இல்லை. வனவிலங்கு பற்றி வேறு யாராவது பேசுகிறீர்களா என்று ஆய்வாளர் கேட்டார். நான் க்ளைவைப் பார்த்தேன். க்ளைவ் எழுந்து, நிலத்தில் வைத்துச் சொல்கிறேன் என்றார். ஆகட்டும், விசாரணை அங்கேயும் தொடரும் என்றார் அந்த அம்மா.

மதியம் எல்லோரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஸ்கால்ட்பி ஃபென் கரையில் நின்றோம். ஆய்வாளர், கம்பெனி வக்கீல், லெகேட், வீட்டு விலைக்காரர்கள் சிலர். ரெக்ஸும் பட்டன் குத்திய அவர் ஆட்கள் இரண்டு பேரும். கொஞ்சம் தள்ளி, யாருக்கும் தெரியாத ஒருவன் பெரிய கேமராவோடு நின்றான். அவன் உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் யாரும் எதுவும் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. பறவையே வந்தது.

கிழக்கேயிருந்து ஆண் வந்தது, காலில் ஒரு எலி. நாணலுக்கு மேலே வந்து கூப்பிட்டது. பெண் புல்லுக்குள்ளிருந்து எழுந்து அதற்கு நேர்க்கீழே பறந்தது. ஆண் பருந்து எலியை நழுவவிட்டது. பெண் ஆகாயத்திலேயே ஒரு புரட்டுப் புரண்டு, தலைகீழாக அதைக் காலில் பிடித்துக்கொண்டு கூட்டுக்குள் இறங்கியது. வக்கீலே 'அடேயப்பா' என்றார். திருமதி பென்ரோஸ் வாயைத் திறந்தபடி நின்றார். இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

"அது என்ன பறவை?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"மான்டகு பூனைப்பருந்து, மேடம்," என்றேன் நான். "ஆறு வருஷமா இங்கதான் கூடு கட்டுது. இப்பவும் குஞ்சு இருக்கு."

வக்கீல் தொண்டையைச் செருமினார். நிபுணர் ஒருவர் உறுதிப்படுத்தினால் நல்லது என்றார். நியாயமான பேச்சுதான். ஆய்வாளர் க்ளைவின் பக்கம் திரும்பினார்.

"மாவட்டப் பதிவாளர் நீங்கதானே? சொல்லுங்க."

க்ளைவ் கேமராக்காரனைப் பார்த்தார். ரெக்ஸைப் பார்த்தார். லெகேட்டைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த முகத்தில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் அப்படியே தெரியும். வருஷக்கணக்காக யார் எது கேட்டாலும் எந்தப் பக்கம் திரும்பியதோ, அந்தப் பக்கமே வாய் தானாகத் திரும்பியது.

"சேற்றுப் பருந்து மேடம்," என்றார். "இந்தப் பக்கம் சகஜம். மூலைக்கு மூலை இருக்கும்."

சேற்றுப் பருந்து தடித்த, பழுப்பு நிறப் பறவை. இதற்கும் அதற்கும் குதிரைக்கும் கழுதைக்கும் உள்ள வித்தியாசம். பறவையைப் புத்தகத்தில் பார்த்தவர்கள்கூட மாற்றிச் சொல்லமாட்டார்கள்.

"க்ளைவ்," என்றேன். "சத்தியம் பண்ணியே."

அவர் என் தோளில் தட்டினார். நாலு பேருக்கு முன்னால், ஒரு சின்னப் பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. "ஹில்டாவுக்கு ஆர்வம் ஜாஸ்தி, மேடம். ஆரம்பத்துல எல்லாருக்கும் வர்ற தப்புதான்."

திருமதி பென்ரோஸுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். ரெக்ஸின் பட்டனைக் கவனித்து, நீங்களும் பறவை பார்க்கிறவரா, உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார். ரெக்ஸ் கொஞ்ச நேரம் தன் பூட்ஸைப் பார்த்தார். க்ளைவ் வாயைத் திறந்தால்தான் தானும் திறப்பேன் என்றவர், க்ளைவ் திறந்துவிட்டாரே.

"அவர் சொல்றது சரிதான், கண்ணு," என்றார்.

தேன்பருந்துச் சண்டைக்கு அப்புறம் இந்த இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் ஒத்துப்போனார்கள். ஆண் பருந்து எங்கள் தலைக்கு மேலே இன்னொரு வட்டம் போட்டது, எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் சத்தம் போட்டேன். இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள், அவர்களுக்கே தெரியும் என்றேன். போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று ஆய்வாளர் கேட்டார். கேமரா கூடாது என்று சத்தியம் செய்து கொடுத்த முட்டாள் நான், என்னிடம் எங்கே இருக்கும்? பத்திரிகைக்காரன் லெகேட்டையும் வக்கீலையும்தான் படமெடுத்திருந்தான். இரண்டு நிபுணர்கள் ஒரு பக்கம், வீட்டுக்குப் பின்னால் தகடு வேண்டாம் என்கிற கிழவி ஒரு பக்கம். அந்த அம்மாவுக்கு என் மேல் பரிதாபம் இருந்தது, கண்ணில் தெரிந்தது. தன் முன்னால் உள்ளதை வைத்துத்தான் முடிவு செய்யமுடியும் என்று மெதுவாகச் சொன்னார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு க்ளைவ் என் பின்னாலேயே ஓடிவந்தார். கவலைப்படாதே, அந்த அம்மாவுக்குத் தனியாக எழுதி உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்றார். எழுதவும் எழுதினார். ஒரு தரப்பிடமிருந்து ரகசியமாக எதையும் வாங்கமுடியாது, வாங்கினால் எதிர்த்தரப்புக்கும் நகல் போகும் என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. நகல் என்ற வார்த்தையைப் பார்த்ததும் மனிதர் பதறிப்போய், கிழித்துப் போட்டுவிடுங்கள் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டாராம். இதையும் அவரேதான் வந்து சொன்னார். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகமாக வந்தது. அதில் பறவைகளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அந்த நிலத்தைப் பயன்படுத்துவது அப்பகுதியில் பரவலாகக் காணப்படும் இனமே என்று உள்ளூர் நிபுணர்கள் இருவரும் ஒருமித்துக் கூறினர் என்று எழுதியிருந்தது. குஞ்சுகள் ஆகஸ்டில் பறந்துபோயின. அக்டோபரில் கம்பங்களை அடித்து இறக்கினார்கள், என் சமையலறையில் கோப்பைகள் ஆடின.

மே மாதம் அது திரும்பி வந்தது. ஆண் மட்டும். கண்ணாடிக்கு மேலே தாழப் பறந்தது, இறங்கப் பார்த்தது, எழும்பியது. இரண்டு நாள் அப்படியே சுற்றியது. வாய்க்கால் கரையில் அதே தூண்டில், தேவாலயப் பாதையில் அதே சங்கிலி. நான் ஜன்னலில் நின்று அழுதேன். மூன்றாம் நாள் பறவை இல்லை. இவர்கள் மட்டும் இன்னும் ஒரு வாரம் வந்துகொண்டிருந்தார்கள்.

குளிர்காலத்தில் கழகத்தின் வருடாந்தரச் சொற்பொழிவு. இந்த வருஷம் பேசுகிறவர் க்ளைவ் எப்டன், படங்களுடன். தலைப்பு 'மான்டகுவுடன் ஆறு கோடைகள்: ஒரு ரகசியக் காவலரின் நினைவுகள்'. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை.

மன்றம் நிரம்பி வழிந்தது. ரெக்ஸின் ஆட்களும் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். விளக்கை அணைத்தார்கள். திரையில் பெண் பருந்து கூட்டில் உட்கார்ந்திருந்தது, கண்ணின் மஞ்சள்கூடத் தெரிந்தது. அடுத்த படத்தில் ஆகாயத்தில் எலி கைமாறுகிறது. அப்புறம் குஞ்சுகள், வருஷவாரியாக. எங்களுக்கெல்லாம் கேமரா கூடாது என்று சத்தியம் வாங்கிய மனிதர் ஆறு வருஷமும் படம் எடுத்து வைத்திருந்திருக்கிறார். ஆய்வாளர் என்னிடம் போட்டோ கேட்டாரே, அந்தக் கேள்வி காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தவர். டீயை மடியில் கொட்டிக்கொண்டேன்.

இப்போது ஆபத்து நீங்கிவிட்டபடியால் ஆறு வருஷப் பதிவுகளையும் தேசியக் குழுவுக்கு அனுப்பிவிட்டதாகவும், குழு நன்றி தெரிவித்து எழுதியிருப்பதாகவும் க்ளைவ் அறிவித்தார். கைதட்டல் ஓய்வதற்குள் ரெக்ஸ் எழுந்துவிட்டார். ஆறு இல்லை, ஏழு, அதற்கு முந்தின கோடையே காவலர்கள் பார்த்துவிட்டார்கள், முதலில் கண்டுபிடித்தது தாங்கள்தான் என்றார். ஆதாரம் இருக்கிறதா என்றார் க்ளைவ். தேன்பருந்துக்கும் இதையேதான் கேட்டாய் என்றார் ரெக்ஸ். செத்த வீட்டில் சொத்துத் தகராறு மாதிரி வெகுநேரம் நடந்தது. கடைசியில் முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். ஊருக்குப் புதியவள், அன்றைக்குத்தான் கழகத்தில் சேர்ந்திருந்தாள்.

"இவ்வளவு அழகா இருக்கே, சார். இந்த இடம் எங்க இருக்கு? நாங்க போய்ப் பாக்கலாமா?"

க்ளைவ் புன்னகை செய்தார். மிகவும் பெருந்தன்மையான புன்னகை.

"மன்னிக்கணும். கூடு இருக்கற இடத்த வெளிய சொல்றதில்ல. பறவையோட பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியம்."

பின்வரிசையில் ரெக்ஸும் ஆமாம் என்று தலையாட்டினார். நான் எழுந்தேன்.

"ஸ்கால்ட்பி ஃபென், கண்ணு," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "லெகேட்டோட நிலம். தேவாலயத்துல திரும்பி நேராப் போ. கண்ணாடி பளபளன்னு தெரியும், அதுக்கு அடியிலதான் கூடு இருந்துச்சு. இந்த ரெண்டு பேரும் சேர்ந்து காப்பாத்தின இடம்."

யாரோ ஒரு பெண்மணி 'ஐயோ, சொல்லிட்டாளே' என்றாள். க்ளைவின் முகம் வெளுத்துப்போனது. பறவை போனபோதுகூட அந்த முகம் அப்படி வெளுக்கவில்லை. நான் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுவாரம் என்னைக் கழகத்திலிருந்து நீக்கினார்கள். அபூர்வப் பறவையின் கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் வெளியிட்டது குற்றம். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் க்ளைவ். ரெக்ஸ் டாபர் சிறப்பு அழைப்பாளராக வந்திருந்து அதை வழிமொழிந்தாராம்.